நண்டு ஓவியருடையது, வலை யாருடையது?: புதுச்சேரி அச்சுப் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு, புதுச்சேரியில் ஆடைப் பட்டறை நடத்தும் ஒரு வடிவமைப்பாளர், அவருக்காகப் படம் வரைந்து கொடுத்த ஓவியர், அந்தப் படத்தைத் துணியில் ஏற்றிய ஸ்கிரீன் அச்சு மாஸ்டர் ஆகிய மூவருக்கிடையே எழுந்த ஒரு தகராறைப் பற்றியது. மூவரும் இன்றும் தொழிலில் இருப்பவர்கள் என்பதாலும், ஊர் சிறியது என்பதாலும், பெயர்களையும் ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன். விவகாரம் நீதிமன்றம் வரை போகவில்லை. வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்புவதற்கு முன்பு ஒப்பந்தத் தாளையும் பில்களையும் அச்சு மாதிரிகளையும் பார்த்துச் சொல்லும்படி வடிவமைப்பாளர் என்னைக் கேட்டார். சில நாள் கழித்து மாஸ்டரும் தன்னிடமிருந்த, ஸ்கிரீன் தயாரிக்கப் பயன்படும் ஃபிலிம் சுருள்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். துணி அச்சு வடிவமைப்பு கற்பிப்பவன் என்ற முறையில்தான் இருவரும் என்னிடம் வந்தார்கள். நான் வழக்கறிஞன் அல்லன்; ஆகவே சட்டத்தைப் பற்றிச் சொல்லும் இடங்களில், சட்டமும் தீர்ப்புகளும் வெளிப்படையாகச் சொல்வதைத் தாண்டி எங்கும் போகவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கூட்டுப்பணியில் வேலை செய்தவர்கள் மூன்று பேர். ஒப்பந்தம் இரண்டு பேரைத்தான் எண்ணியது. பின்னால் வந்த எல்லாச் சிக்கலும் அந்த எண்ணிக்கையில் தொடங்கியது.

நடந்தது

வடிவமைப்பாளர் பெரிய உருவங்களும் அடர்ந்த நிறங்களும் கொண்ட அச்சுகளுக்குப் பேர் வாங்கியவர். ஒவ்வொரு தொகுப்புக்கும் ஓர் ஓவியரையோ சிற்பியையோ சேர்த்துக்கொள்வது அவர் வழக்கம். அந்தக் கலைஞரின் பெயரைத் தன் பெயருக்கு இணையாகத் துணியின் சீட்டில் போடுவதையும் அவர் தொடக்கத்திலிருந்தே கடைப்பிடித்து வருகிறார். இம்முறை அவர் அணுகிய ஓவியர் கடலூர் முதுநகர்த் துறைமுகத்தை ஒட்டி வளர்ந்தவர், மீன் ஏலக் காட்சிகளைப் பெரிய கித்தான்களில் தீட்டி வந்தவர். அந்தக் கித்தான்களில் ஒன்றில், முதுகு ஓட்டில் மூன்று செம்புள்ளிகள் கொண்ட கடல் நண்டு ஒன்று முழுப் பரப்பையும் அடைத்துக்கொண்டு நின்றது. வடிவமைப்பாளர் அதைப் பார்த்த அன்றே சேலைக்கு முடிவு செய்துவிட்டார்.

ஒரு பக்க ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஓவியருக்கு முன்பணம், விற்கும் ஒவ்வொரு சேலைக்கும் ஒரு பங்கு, சீட்டில் பெயர் ஆகியவை அதில் இருந்தன. எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தெந்தப் பொருள்களில், எந்த அளவு மாற்றம் செய்யலாம் என்பவை அதில் இல்லை. மாஸ்டர் அதில் எங்குமே வரவில்லை. அவருடைய கணக்கு மீட்டருக்கு இவ்வளவு என்று, ஜாப் ஒர்க் பில்லாகத் தனியே ஓடியது.

சேலைகள் வந்தன, நன்றாகவும் விற்றன. சில மாதம் கழித்து மிஷன் வீதியில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய சேலையை வடிவமைப்பாளரின் உதவியாளர் படம் எடுத்து அனுப்பினார். அதில் நண்டு இல்லை, முந்தியில் ஒரு வஞ்சிர மீன் இருந்தது. ஆனால் உடல் முழுக்க ஓடிய மீன்வலைப் பின்னல், கண்ணிக்குக் கண்ணி, முடிச்சுக்கு முடிச்சு, நண்டுச் சேலையில் இருந்த அதே வலை.

காப்பி அடித்துவிட்டார்கள் என்று வடிவமைப்பாளர் கொதித்தார். யார் அடித்தது என்று விசாரித்தபோது பாதை நேராக அவருடைய மாஸ்டரின் மேசைக்கே வந்து நின்றது. மாஸ்டர் எதையும் மறைக்கவில்லை. நண்டு ஓவியருடையது, அதை நான் தொடவில்லை. வலை நான் போட்டது, அதை யாரும் என்னிடம் கேட்டும் வாங்கவில்லை, காசு கொடுத்தும் வாங்கவில்லை என்பது அவர் பதில். இதே நேரத்தில் ஓவியரும் வாய் திறந்தார். அவருடைய குறை வேறு: தான் தீட்டியது உயிருள்ள நண்டு, சேலையில் இருப்பது குழம்பில் கிடக்கும் நண்டு என்றார்.

வலை எப்படி வந்தது

இந்த இடத்தில் சற்று நின்று, துணிக்குள் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் வலை ஓர் அலங்காரத்துக்காகச் சேர்க்கப்பட்டதன்று, நண்டால் தீர்க்க முடியாத ஒரு சிக்கலைத் தீர்க்க வந்தது.

ஐந்தரை மீட்டர்ச் சேலையில் கண்ணுக்கு முழுதாகத் தெரியும் பரப்பு மிகக் குறைவு. இடுப்பில் செருகும் முதல் சுற்று மறைந்துவிடும். கொசுவத்துக்குள் ஒன்றரை மீட்டர் அளவுக்குத் துணி மடிந்து போகும். கொசுவத்தின் ஒரு மடிப்பு நான்கைந்து அங்குல அகலம்தான் இருக்கும் என்னும்போது, ஓரடிக்கும் மேல் அகலமான நண்டை அங்கே அச்சிட்டால் வெளியே தெரிவது ஒரு கொடுக்கின் துண்டும் அரைக் காலும் மட்டுமே. பெரிய அச்சு வேலையில் புதிதாக இறங்குபவர்கள் எல்லாரும் இந்தக் குழியில் விழுவார்கள். மேசை மேல் விரித்து வைத்த சேலையைப் பார்த்து மயங்கிவிட்டு, கட்டிய சேலையைப் பார்த்த பிறகுதான் விழித்துக்கொள்வார்கள். திசைச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. உடல் பகுதியில் துணியின் நீளம் உடம்பைச் சுற்றிக் கிடைமட்டமாக ஓடும். அதே நீளம் தோளுக்கு மேல் ஏறி முந்தியாக விழும்போது செங்குத்தாகிவிடும். உடலில் நிமிர்ந்து நிற்கும் உருவம் முந்தியில் படுத்துக்கொள்ளும்.

மாஸ்டர் செய்தது இதுதான். நண்டை உடலிலிருந்து எடுத்துவிட்டு, கால் வட்டம் திருப்பி, முந்தியில் ஒன்றாகவும், மார்புக்குக் குறுக்கே ஏறும் இடத்தில் பாதியளவில் ஒன்றாகவும் வைத்தார். மிச்சமுள்ள நான்கு மீட்டர்ச் சொச்சத்துக்கு எந்தப் பக்கம் திருப்பினாலும் கெடாத, எந்த மடிப்பில் வெட்டுப்பட்டாலும் குறை தெரியாத ஒன்று வேண்டியிருந்தது. வலை அப்படிப்பட்டது. அவர் அதை ஒழுங்கான சாய்சதுரங்களாகப் போடாமல், படகில் குவித்துப் போட்ட வலை போலச் சில இடத்தில் தளர்ந்தும் சில இடத்தில் இறுகியும் நெளியும்படி கையால் வரைந்தார். அந்தத் தளர்வு இறுக்கத்துக்குள் ஒரு ரிப்பீட், அதாவது திரும்பத் திரும்ப அச்சாகும் ஓர் அலகு, முடிந்து அடுத்தது தொடங்கும் இணைப்பை ஒளித்தார். நான் அந்த ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இணைப்பு எங்கே என்று தெரிந்துகொண்டு தேடியும் கண்டுபிடிக்க நேரம் பிடித்தது. ஒவ்வொரு முடிச்சிலும் கோடு சற்றே தடித்திருந்தது. ஸ்கிரீன் ஒரு மயிரிழை நகர்ந்து உட்கார்ந்தாலும் அந்தத் தடிப்பு அதை விழுங்கிவிடும். இது ரசனை மட்டும் தந்த கோடல்ல. மேசையில் வருடக்கணக்காக நின்றவருக்குத்தான் வரும்.

நண்டின் உருவத்திலும் அவர் கை இருந்தது. ஓவியரின் கித்தானில் ஓட்டின் பச்சை, பழுப்பாகவும் சாம்பலாகவும் ஒன்றிலொன்று கரைந்து மாறியது. ஸ்கிரீன் அச்சில் அப்படிக் கரையாது. சட்டகத்தில் இழுத்துக் கட்டிய பாலியஸ்டர் வலைத்துணியில் ஒளி பட்டால் இறுகும் பூச்சைத் தடவி, அதன் மேல் ஃபிலிமை வைத்து ஒளி காட்டினால், ஃபிலிமில் கறுப்பாக இருந்த இடம் மட்டும் இறுகாமல் நீரில் கழுவிக்கொண்டு போகும். அந்த ஓட்டை வழியாகத்தான் சாயம் இறங்கும். இறங்கும், அல்லது இறங்காது. பாதி இறங்குவது என்று கிடையாது. ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்பதால், கித்தானில் இருந்த எண்ணற்ற சாயல்களை ஏழு நிறமாகச் சுருக்க வேண்டியிருந்தது. இடைச் சாயல்களை மாஸ்டர் குறுக்குக் கோடுகளாக மாற்றினார். நுண்ணிய புள்ளிகளாகப் போட்டிருந்தால் பருத்தியின் இழைகளுக்கிடையில் அவை திட்டுத்திட்டாக அடைத்துக்கொண்டிருக்கும்.

முந்தியை நிறைக்கும் அளவுக்கு நிறப்பரப்பு இருந்ததால் பிக்மெண்ட் அச்சை மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. பிக்மெண்ட், பைண்டர் என்ற ஒட்டுப்பொருளின் உதவியால் துணியின் மேல் ஒட்டி நிற்பது. பெரிய பரப்பில் அது முந்தியை அட்டை போல விறைக்க வைத்துவிடும். ரியாக்டிவ் சாயம் இழையோடு வேதிவினை புரிந்து சேர்வதால் துணி துணியாகவே இருக்கும். ஆனால் அதற்கான கூழில் சோடியம் ஆல்ஜினேட், சமையல் சோடா ஆகியவற்றோடு யூரியாவும் சேர்க்க வேண்டும். யூரியா காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நீராவியில் வேகும்போது அந்த ஈரம்தான் சாயத்தை இழைக்குள் கொண்டு போகிறது என்பதால் அது வேண்டியதே. ஐப்பசி கார்த்திகையில் புதுச்சேரிக் காற்று இருக்கும் நிலைமையில் நீராவிக்குப் போகும் முன்பே துணி பிசுபிசுத்து, கோட்டின் ஓரம் மயிர் முளைத்தது போலப் பரவும். மாஸ்டர் கரும் கோட்டை எல்லா நிறத்துக்கும் கடைசியில் அடித்து, நிறங்களை அந்தக் கோட்டுக்கு அடியில் சிறிது நுழையவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

வடிவமைப்பாளரின் பங்கு இதில் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. எந்தக் கித்தான், எந்தத் துணி, எந்த விலைக்கு, யாருக்கு என்ற முடிவுகளெல்லாம் அவருடையவை. வலைக்குப் பின்னுள்ள நீலத்தையும் அவரே தேர்ந்தார். 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து அவுரி நீலம் தோய்த்த பருத்தித் துணி செனகலுக்குப் போய், அங்கே கருவேலம் பிசின் வாங்கப் பணம் போலவே புழங்கியது. அந்த நீலத்தை நினைத்துக் கேட்டதாக அவருடைய குறிப்பேட்டில் இருக்கிறது. நண்டைச் சிவப்பாக்கியதும் அவர்தான். நீலத்தின் மேல் பச்சை நண்டு எடுபடாது என்பது அவர் கணக்கு. நிறக் கணக்காக அது சரி. ஆனால் அந்த நண்டின் உயிருள்ள ஓடு பச்சையும் பழுப்பும் கலந்தது. அதனால்தான் மூன்று செம்புள்ளிகள் பளிச்சென்று தெரிகின்றன. முழு ஓட்டையும் சிவப்பாக்கினால் புள்ளிகள் மங்கிப்போகும். துறைமுகத்தில் வளர்ந்தவருக்கு அது வெந்த நண்டாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

பழைய கணக்குகள்

இந்த மூன்றாவது ஆள் நம் ஊருக்குப் புதியவர் அல்லர். சோழமண்டலக் கரையின் சாயத் துணிகள் ஐரோப்பாவை ஆட்டிவைத்த காலத்தில், தன் நாட்டு நெசவைக் காப்பாற்ற பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அவற்றுக்குத் தடையே போட்டிருந்தது. தடை இருந்த அதே காலத்தில், 1734 வாக்கில், பொலியே என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி புதுச்சேரியில் ஒரு சாயக்காரர் வேலை செய்வதை அருகிருந்து பார்த்து, கடுக்காயும் எருமைப் பாலும் ஊட்டுவது தொடங்கி ஒவ்வொரு படியையும் எழுதியதோடு, ஒவ்வொரு படியிலும் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டார். அந்தக் குறிப்பும் துண்டுகளும் இன்றும் பாரிஸில் இருக்கின்றன. 1742இல் இயேசு சபைப் பாதிரியார் கேர்து, தான் கேட்டறிந்த அதே தொழில்முறையைக் கடிதமாக எழுதி அனுப்பினார். பார்த்து எழுதியவர்களின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. தூரிகை பிடித்தவர்களின் பெயர் நம்மிடம் வந்து சேரவில்லை.

ஐரோப்பியக் கூட்டுப்பணிகளின் கதையும் இதற்கு அதிகம் வேறுபட்டதன்று. ஆடை வடிவமைப்பாளர் எல்சா ஸ்கியாபரெல்லியும் ஓவியர் சால்வடோர் டாலியும் சேர்ந்து 1937இல் உருவாக்கிய வெள்ளை உடையில் ஒரு பெரிய சிவப்புச் சிங்கி இறால் (லாப்ஸ்டர்) இருக்கிறது. அதுவும் வெந்த நிறம்தான் என்பதை நம் ஓவியருக்கு ஆறுதலாகச் சொன்னேன், அவர் ஆறுதல் அடையவில்லை. டாலியின் படத்தைப் பட்டில் அச்சாகும்படி மாற்றிக் கொடுத்தவர் சாஷ் என்ற பட்டுத்துணி வடிவமைப்பாளர். உடையைப் பற்றிப் பேசுபவர்களில் எத்தனை பேர் சாஷைச் சொல்கிறார்கள்? அதற்கும் முன்பு, 1911இல் பால் புவாரே என்ற பாரிஸ் வடிவமைப்பாளர், ஓவியர் ராவுல் டூஃபிக்காக ஒரு சிறு அச்சுக்கூடமே அமைத்துக் கொடுத்தார். டூஃபி மரக்கட்டைகளைத் தானே செதுக்கக்கூடியவர். ஆயினும் சாயத்துக்கு ஒரு வேதியியலாளரை வேலைக்கு வைக்க வேண்டியிருந்தது. புவாரே தன் நினைவுக்குறிப்பில் அவர் பெயரையும் எழுதி வைத்திருப்பது பாராட்டத்தக்கது.

சட்டம் சொல்வது

வடிவமைப்பாளர் என்னிடம் வந்தபோது அவர் மனத்தில் இருந்த படம் எளிமையானது: நான் காசு போட்டேன், என் பட்டறையில் வந்த டிசைன், ஆகவே அது என்னுடையது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அப்படித் தொடங்கவில்லை. ஒரு கலைப் படைப்பின் ஆசிரியர் அதை ஆக்கிய கலைஞரே. 17ஆவது பிரிவின்படி முதல் உரிமையாளரும் பொதுவாக அவரே. சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட பணியாளர் தன் பணியின் பகுதியாக வரைந்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, உரிமை முதலாளிக்குப் போகும். ஆனால் மாஸ்டர் சம்பளக்காரர் அல்லர். சொந்த மேசையில், சொந்த ஆட்களை வைத்து, மீட்டர் கணக்கில் பல பேருக்கு வேலை செய்பவர். ஆகவே வலையை வரைந்தபோது அதன் உரிமை அவரிடமே இருந்தது என்றே நான் படிக்கிறேன். உரிமையை மாற்றித் தருவதென்றால் 19ஆவது பிரிவு கையொப்பமிட்ட எழுத்தைக் கேட்கிறது. பில் அந்த எழுத்தாகாது.

அடுத்தபடியாக வருவதுதான் துணிக்காரர்கள் பலருக்கும் தெரியாத இடம். அச்சட்டத்தின் 15ஆவது பிரிவு ஒரு வரம்பு வைக்கிறது: வடிவமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவமைப்பைப் பதிவு செய்யாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ அதைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளில் ஏற்றிவிட்டால், அந்த வடிவமைப்பில் பதிப்புரிமை முடிந்துபோகும். ஒரு சேலை ஒரு தடவை. நண்டுச் சேலை முதல் விற்பனையிலேயே அந்த எண்ணைக் கடந்துவிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் இந்த வரம்பைத் துணி வழக்குகளில் பல தடவை பேசியிருக்கிறது. சோபாத் துணி அச்சுகளைப் பற்றிய மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் 2009இல் வந்த தீர்ப்பு, சுவரில் தொங்கும் ஓவியத்தையும் துணியில் ஏற்றுவதற்காக அதிலிருந்து எடுத்த வடிவமைப்பையும் பிரித்துப் பார்த்தது. ஆடை வடிவமைப்பாளர் தருண் தஹிலியானியின் நிறுவனம் தொடர்ந்த வழக்கில், எண்ணிக்கை 50ஐத் தாண்டாததால் 2008இல் பதிப்புரிமை காப்பாற்றப்பட்டது. அச்சுகளுக்குப் பேர்போன ரிது குமாரின் நிறுவனம் பிபா என்ற ஆடை நிறுவனத்துக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கில் எண்ணிக்கை தாண்டியிருந்ததால் 2016இல் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும், வேறொரு துறையின் வழக்கில், தூய கலைப் படைப்பா அல்லது தொழில்முறையில் பெருக்குவதற்காக அதிலிருந்து பெறப்பட்ட வடிவமைப்பா என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று வரையறுத்தது.

இதன் விளைவை மூவரிடமும் சொன்னபோது மூவருக்குமே பிடிக்கவில்லை. வலை மாஸ்டருடையதாகத்தான் இருந்தது. ஆனால் நண்டுச் சேலை ஓடிய ஓட்டத்தில் அதில் அவருக்கிருந்த பதிப்புரிமையும் கரைந்துவிட்டது. வஞ்சிரச் சேலைக்காரரை வடிவமைப்பாளராலும் தடுக்க முடியாது, நாளை வேறொருவர் அதே வலையை அச்சிட்டால் மாஸ்டராலும் தடுக்க முடியாது. ஓவியரின் கித்தான் மட்டும் ஓவியமாகத் தன் உரிமையோடு நிற்கிறது.

2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி முன்பே பதிவு செய்திருந்தால் முதலில் 10 ஆண்டும், நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டும் பாதுகாப்புக் கிடைத்திருக்கும். ஆனால் பதிவுக்கு விண்ணப்பிக்கும் நாளில் வடிவமைப்பு புதிதாக இருக்க வேண்டும்; அதற்கு முன்பே உலகில் எங்காவது வெளியாகியிருந்தால் கதவு மூடிவிட்டது என்று பொருள். இங்கே முதல் மாதிரிச் சேலை நீராவியிலிருந்து வந்த அன்று மாலையே இன்ஸ்டாகிராமில் ஏறிவிட்டது. புவிசார் குறியீடு வாங்கலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னாராம். வில்லியனூர்ச் சுடுமண் சிற்பத்துக்கும் திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மைக்கும் அது கிடைத்தது, ஓர் ஊரே தலைமுறையாகச் செய்து வரும் கைத்தொழில் என்பதால். போன வருடம் ஒருவர் மேசையில் பிறந்த வலைக்கு அது பொருந்தாது.

வெந்த நண்டு விஷயத்தில் ஓவியரின் நிலை ஓரளவு வலுவானது. படைப்பின் உரிமையை விற்றுவிட்ட பிறகும், தன் மதிப்புக்குக் கேடாக அதைத் திரித்தால் எதிர்க்கும் உரிமையை 57ஆவது பிரிவு ஆசிரியருக்குத் தருகிறது. நிறம் மாறியது மதிப்புக்குக் கேடா என்பது வாதத்துக்குரியது. அது கேடில்லை என்றே ஒரு நீதிமன்றம் சொல்லக்கூடும். ஆனால் சீட்டில் தன் பெயரும் இருக்கும் சேலையைப் பார்த்து, துறைமுகத்தில் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள் என்று அவர் சொன்னதை வடிவமைப்பாளர் இலேசாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நிற மாதிரியை ஒரு நாள் அவரிடம் காட்டியிருந்தால் புள்ளிகளையாவது வெளிர் மஞ்சளாக்கிக் காப்பாற்றியிருக்கலாம்.

மாஸ்டரையும் நான் முழுதாக விடுவிக்க மாட்டேன். உரிமை தன்னுடையது என்பது வேறு, வழக்கமாக வேலை தருபவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதே பருவத்தில், அதே வீதிக்குப் போகும் சரக்கில் அதே வலையை இறக்குவது வேறு. அச்சு மேசைகளில் எழுதாத ஒரு நாகரிகம் உண்டு: ஒருவருக்கு அடித்ததை அந்தப் பருவம் முடியும்வரை இன்னொருவருக்கு அடிப்பதில்லை. அதை அவர் மீறினார். அவசரமாக வந்த ஆர்டர், புதிதாக வரைய நேரம் இல்லை என்பது அவர் சமாதானம், உண்மையாகவே இருக்கலாம்.

பிறகு எழுதிய தாள்

வழக்கறிஞர் அறிவிப்பு கைவிடப்பட்டது. அடுத்த தொகுப்புக்கு மூவரும் உட்கார்ந்து புதிய தாள் ஒன்று எழுதினார்கள். அதை நான் படித்துப் பார்த்தேன். ஓவியரிடமிருந்து எந்தப் படம், எந்தப் பொருள்களுக்கு, எத்தனை ஆண்டுக்கு என்பது இப்போது தெளிவாக இருக்கிறது. காலம் எழுதாமல் விட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டாக எடுத்துக்கொள்ளும் என்பது பழைய தாள் எழுதியபோது இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. நிறம் மாறினால் ஓவியரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். மாஸ்டர் வரையும் நிரப்பு வடிவங்களுக்குத் தனித்தொகை உண்டு, அவற்றின் உரிமை எழுத்து மூலம் வடிவமைப்பாளருக்குப் போகிறது, சீட்டில் மூன்றாவது பெயராக மாஸ்டர் பெயரும் வருகிறது. பதிவு விண்ணப்பம் போன பிறகே மாதிரியைப் படம் எடுக்க வேண்டும். உதவியாளரின் கைப்பேசியை மேசைப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்றுகூட ஒரு வரி இருக்கிறது. சற்று மிகையாகத் தோன்றினாலும், முன்பு நடந்ததைப் பார்த்தால் புரிகிறது.

நான் வற்புறுத்திச் சேர்த்தது ஃபிலிம் பற்றிய பத்தி. வேலை முடிந்ததும் ஸ்கிரீனிலுள்ள பூச்சைக் கரைத்து, சட்டகத்தை அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். ஃபிலிம் மட்டும் சுருட்டியபடி மாஸ்டரின் பரணில் பல ஆண்டு கிடக்கும். அந்தச் சுருள் யார் கையில் இருக்கிறதோ அவர் நினைத்தால் ஒரே நாளில் அதே அச்சை மீண்டும் எடுக்கலாம். உரிமை யாருக்கு என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டுச் சுருளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாத ஒப்பந்தங்களைப் பார்த்திருக்கிறேன். இப்போது சுருள்கள் பட்டியலிட்டு வடிவமைப்பாளரிடம் திரும்புகின்றன. மறு அச்சு வேண்டும்போது மாஸ்டரிடம்தான் முதலில் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு.

ஒன்றில் மட்டும் இழுபறி இருந்தது. ஓவியரைப் போலவே மாஸ்டருக்கும் சேலைக்கு ஒரு பங்கு தரலாம் என்று வடிவமைப்பாளரே முன்வந்தார். நியாயமான பேச்சு என்று நான் நினைத்தேன். மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. எத்தனை சேலை விற்றது என்று எண்ணிக்கொண்டிருக்கத் தன்னால் ஆகாது, அந்தக் கணக்கை நம்பவும் வேண்டும், நம்பிச் சண்டையும் போட வேண்டும் என்றார். அவர் கேட்டது வேறு: மழைக்கால மூன்று மாதமும் மேசை காய்ந்து கிடக்கும்போது, பிக்மெண்டில் முடித்துவிடக்கூடிய சின்ன உருப்படிகளாக, குறைந்தபட்சம் இவ்வளவு மீட்டர் என்று உறுதி. கைக்குட்டை, துணிப்பை, குஷன் உறை எதுவானாலும் சரி. வடிவமைப்பாளர் தன் தொகுப்பில் இதுவரை துணிப்பையே போட்டதில்லை. அது தன் பேருக்கு இறக்கம் என்று முதலில் தயங்கினார். இரண்டு வாரப் பேச்சுக்குப் பிறகு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் நடுவில் அடிக்க வேண்டிய பைகளின் மீட்டர்க் கணக்கு தாளின் கடைசிப் பத்தியில் ஏறியது. இப்போது பைக்குப் படம் கொடுக்க ஓவியர் தனித் தொகை கேட்டுக்கொண்டிருக்கிறார்.